கேளாமல் கிழித்த கோடு

மலையிலே வாழும் மக்களின் கதியைச் சமவெளியிலே இருப்போர் முடிவு செய்வது உலக வரலாற்றில் புதிய செய்தி அன்று. மலையானது நாட்டின் எல்லையிலே நின்றால் அதனை அரண் என்பார்கள். நாட்டின் நடுவிலே நின்று வருவாய் தருமாயின் தோட்டம் என்பார்கள். எந்தப் பெயரை வைத்தாலும், அங்கே குடியிருக்கும் மனிதனுக்கு அந்தப் பெயருக்குள் இடமில்லை. இதனைத் தொலைதூரத்து மக்கள் கூட்டம் ஒன்றின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். இந்துகுஷ் மலைச்சாரலிலும் சுலைமான் மலைகளிலும் வாழும் பட்டாணியர் என்னும் பஷ்தூன் மக்களே அவர்கள். கந்தப்பளையிலே கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே இருந்துகொண்டு கைபர் கணவாயைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே, விடையை இக்கட்டுரை தந்தாக வேண்டும்.

பட்டாணியர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். பிரித்தானியர் காலத்து இலங்கையிலே ‘ஆப்கானியர்’ என்ற பெயரோடு ஒரு சிறு கூட்டத்தார் வட்டிக்குக் கடன் கொடுத்து வாழ்ந்தனர். அவர்களுட் சிலர் பட்டாணியர். வேறு சிலர் பலூச்சியர். தலைப்பாகையும் கைத்தடியுமாகச் சம்பள நாளன்று வாசலில் வந்து நிற்கும் நெடிய உருவமாகவே அவர்கள் நம் முன்னோரின் நினைவிலே பதிந்தார்கள். கடன்பட்டவன் நெஞ்சு கலங்குவது இயல்பு. ஆகவே காபூலிக்காரன் அச்சத்தின் சின்னமானான். தாகூர் 1892 இல் எழுதிய ‘காபூலிவாலா’ என்னும் சிறுகதை, அந்த முரட்டு அங்கிக்குள்ளே தொலைவில் விட்டு வந்த மகளை நினைந்து உருகும் தந்தையின் நெஞ்சைக் காட்டிற்று. கதையைப் படித்துக் கண் கலங்கியவர் பலர். ஆயின் அவனுடைய ஊர் எது, அந்த ஊரை ஆண்டவர் யார், எந்தச் சட்டத்தைக் கொண்டு ஆண்டார் என்று கேட்டவர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியை இப்போதாவது கேட்போம்.

ஆப்கானிஸ்தானிலும் பாக்கிஸ்தானிலும் வாழும் பஷ்தூன் மக்களின் தொகை ஐந்து கோடிக்கு மேற்படும். ஆப்கானிஸ்தானிலே இருப்பவர்களைவிடப் பாக்கிஸ்தானிலே இருப்பவர்களே தொகையில் மிகுந்தவர்கள். அப்ரீதி, வசீர், மஹ்சூத், மொஹ்மந்த், யூசுப்சாய், கட்டக் எனக் குலங்கள் பல. குலத்துக்குள் கிளைகள் பல. இவர்களுக்குப் பொதுவானவை பஷ்து மொழியும், ‘பஷ்தூன்வலி’ எனப்படும் எழுதாச் சட்டமுமாகும். விருந்தோம்பல், அடைக்கலம் புகுந்தவனைக் காத்தல், மானம் பேணல், பழிக்குப் பழி ஆகியவை அச்சட்டத்தின் தூண்கள். ஊர்ப் பெரியோர் வட்டமாக அமர்ந்து வழக்குத் தீர்க்கும் சபைக்கு ‘ஜிர்கா’ என்று பெயர்.

நம் சங்கப் பாடல்களைக் கற்ற மாணவருக்கு இவற்றுள் எதுவும் விளங்காத புதுமையாய் இராது. ஆநிரை கவர்தலும் மீட்டலும், நடுகல்லும், மானம் போனபின் உயிர் வாழாமையும், வந்த விருந்தினனுக்காக உள்ளதெல்லாம் கொடுத்தலும் புறத்திணை உலகின் அன்றாடச் செய்திகள் அல்லவா? பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்ட கதையிலே நம் நெஞ்சம் பாரியின் பக்கமே நிற்கிறது. முகலாயப் பேரரசர் ஒளரங்கசீப்பை எதிர்த்து வாளெடுத்த குஷால்கான் கட்டக் (1613–1689) பஷ்து மொழியின் தலைசிறந்த கவிஞரும் ஆவார். குலத்தலைவனும் புலவனும் போராளியும் ஒருவனாகவே நிற்கும் அந்தக் காட்சி நமக்குப் பழக்கமானதே. இத்தகைய மக்களைப் ‘பிறவிப் போர்வெறியர்’ என்று ஒரு சொல்லிலே அடக்கிவிடுவோர், நம் புறநானூற்றுக்கும் அதே பட்டத்தைக் கட்டத் துணிவார்களா?

பட்டாணியரின் இன்றைய அல்லலுக்கு வேர் 1893 நவம்பர் 12 இல் இருக்கிறது. அன்று காபூலிலே அமீர் அப்துர் ரஹ்மானும் பிரித்தானிய இந்திய அரசின் சார்பிலே சேர் மோர்ட்டிமர் டூரண்டும் ஓர் ஒப்பந்தத்திலே கையொப்பமிட்டனர். ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு பிறந்தது. ஒரு குலத்தின் வீடுகள் இப்பாலும் மேய்ச்சல் நிலங்கள் அப்பாலுமாகப் பிரிந்தன. ருசியப் பேரரசு இந்தியாவை நோக்கி இறங்கிவிடுமோ என்பது பிரித்தானியரின் அச்சம். அந்த அச்சத்துக்கு ஓர் அணை தேவைப்பட்டது. அணைக்குக் கல்லாகப் பட்டாணியர் வைக்கப்பட்டனர். கல்லிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. நான்கு ஆண்டுகள் கழிந்து, 1897 இல், அந்தக் கற்கள் எழுந்து நின்று போரிட்டன. எல்லைப்புறம் முழுவதும் தீப்பற்றியது. பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான சேர்ச்சில் அப்போது இளம் அதிகாரியாக மலகந்துப் படையிலே இருந்தார். தம் முதல் நூலையும் அந்தப் போரைக் குறித்தே எழுதினார்.

போர் தந்த பாடத்தை ஆள்வோர் தலைகீழாகப் படித்தனர். 1901 இல் ‘எல்லைப்புறக் குற்ற ஒழுங்குவிதி’ என்னும் சட்டம் விரிவாக்கப்பட்டுப் புதிய வடிவம் பெற்றது. ஒருவன் குற்றம் செய்தால் அவன் குலமே பொறுப்பு என்பது அதன் உயிர்நாடி. குற்றவாளி அகப்படாவிடின் அவன் உறவினர் சிறைப்படலாம், வீடு இடிக்கப்படலாம், குலம் முழுவதற்கும் சந்தைக்குச் செல்லும் வழி அடைக்கப்படலாம். ‘வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை’ என்பதே அச்சட்டத்தைக் குறித்து அம்மக்களிடையே வழங்கிய பழமொழி. ஏஜென்சிகளிலே ‘பொலிட்டிக்கல் ஏஜெண்ட்’ என்னும் ஒரே அதிகாரி வரி, நீதி, தண்டனை யாவற்றையும் கையிலே வைத்திருந்தார். அவருக்கும் மக்களுக்கும் இடையே ‘மாலிக்’ எனப்படும் குலத்தலைவர்கள். அரசின் படிப்பணம் மாலிக்குக்கு. குலத்தை அடக்கி வைக்கும் பொறுப்பும் அவருக்கே. ஊர் மதித்து ஏற்ற பெரியவர், நாளடைவிலே அதிகாரி மதித்து ஏற்ற பெரியவராக மாறினார். ஜிர்காவும் மக்கள் கூடும் சபை என்ற நிலையிலிருந்து அதிகாரி கூட்டும் சபை என்ற நிலைக்கு இறங்கிற்று. வெளியார் ‘மாறாத பழங்குடி வழக்கம்’ என்று வியப்பதிலே பெரும்பகுதி இவ்வாறு அந்நிய ஆட்சி வார்த்தெடுத்த வழக்கமே.

இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது நம் மலைநாட்டுப் பழைய தோட்டத்தை எண்ணாதிருக்க என்னால் இயலவில்லை. உச்சியிலே துரை, நடுவிலே பெரிய கங்காணி, கீழே லயத்திலே தொழிலாளி. ஆட்களின் தலைக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குப் பணம் உண்டு. ஆட்களை அடக்கி வைக்கும் கடனும் அவருக்கே. தொழிலாளியின் கடன் கணக்கைச் சுமந்துகொண்டு தோட்டம் விட்டுத் தோட்டம் சென்ற ‘துண்டு’ 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை மனிதனைக் கட்டிய கயிறாயிற்று. வீட்டுக்காரன் வேலையை இழந்தால் குடும்பமே லயத்தைக் காலி செய்தது. வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் எனப்பட்டது. கைபரை ஆண்ட அறிவும் தேயிலை மலைகளை ஆண்ட அறிவும் ஒரே பாசறையிலே பயின்றவை. மனிதனோடு நேரே பேசாதே, அவன் தலைவனை வாங்கிவிடு என்பதே அந்த அறிவின் சாரம்.

வேறுபாடுகளை மறைப்பது நேர்மை ஆகாது. பட்டாணியர் கையிலே துப்பாக்கி இருந்தது. நம்மவர் கையிலே கவ்வாத்துக் கத்தி இருந்தது. அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது. நம்மவருக்கு லயத்துக் காம்பராவும் சொந்தமில்லை. அவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகள். நம்மவர் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள். எனினும் இரு மக்களும் ஒரு கேள்வியால் ஒன்றுபடுகின்றனர். ‘உங்கள் விருப்பம் யாது?’ என்ற கேள்வி இருவரிடமும் கேட்கப்படவே இல்லை.

பட்டாணியருக்குத் துப்பாக்கியன்றி வேறு மொழி தெரியாது என்பாரை வாயடைக்கச் செய்யும் வரலாறு ஒன்று உண்டு. உத்மான்சாய் என்னும் ஊரிலே பிறந்த கான் அப்துல் கபார்கான் 1921 இல் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1928 இல் பஷ்து மொழியிலே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். 1929 இல் ‘குதாய் கித்மத்கார்’ என்னும் இறைத் தொண்டர் அணியை அமைத்தார். பள்ளி முதலிலே, பத்திரிகை இரண்டாவது, இயக்கம் மூன்றாவது என்ற இந்த வரிசையை ஆசிரியப் பெருமக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பழிக்குப் பழி என்பதைத் தாய்ப்பாலோடு பருகிய இளைஞர்கள் செஞ்சட்டை அணிந்து, ஆயுதம் தொடுவதில்லை என்று ஆணையிட்டனர். 1930 ஏப்ரல் 23 இல் பெஷாவரின் கிஸ்ஸா குவானிக் கடைத்தெருவிலே துப்பாக்கிச் சூட்டுக்கு நெஞ்சு கொடுத்துப் பலர் மாண்டனர். நிராயுதபாணிகள் மீது சுட மறுத்த கர்வாலிப் படைவீரர்கள் சந்திர சிங்கின் தலைமையிலே சிறையை ஏற்றனர். எல்லைப்புறத்திலே மெய்யான காவல் என ஒன்று தோன்றிய நாள் அந்த நாளே என்பேன். தன் மக்களின் மானத்தைத் தானே உணர்ந்தவன் பிறன் உயிரையும் மதிக்கிறான்.

இந்த வலிமையைப் பிரித்தானியர் அஞ்சினர். அவர்கள் சென்றபின் வந்தோரும் அஞ்சினர். 1948 ஆகஸ்டு 12 இல் பாப்ராவிலே கூடிய செஞ்சட்டையர் மீது புதிய நாட்டின் காவற்படையே சுட்டது. எல்லைக் காந்தி இரு ஆட்சிகளின் சிறைகளிலும் ஆண்டுக் கணக்காக வாடினார். 1988 சனவரியில் அவர் பெஷாவரிலே மறைந்தபோது, அவருடைய உடல் எல்லையைக் கடந்து சென்று ஜலாலாபாத்திலே அடக்கம் பெற்றது. உயிரோடிருக்கையில் அவர் ஏற்காத கோட்டை, மறைந்த பின்னும் அவர் ஏற்கவில்லை.

1947 இல் கொடி மாறியது, சட்டம் மாறவில்லை. 1901 ஆம் ஆண்டின் விதியையே பாக்கிஸ்தான் பழங்குடிப் பகுதிகளிலே தொடர்ந்தது. நாகரிக நாட்டின் நீதிக்கு அது ஒவ்வாதது என்று நீதியரசர் கோர்னீலியஸ் 1954 இலேயே கண்டித்தும் பயன் விளையவில்லை. 1947 அக்டோபரிலே பழங்குடிப் படைகள் காஷ்மீரத்துக்குள் புகுந்தன. 1979 இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் அதே மலைகள் அமெரிக்கப் பணத்துக்கும் சவூதிப் பணத்துக்கும் ஆயுதக் கிடங்குகளாயின. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் பாக்கிஸ்தானுக்கு வந்தனர். தேவைப்பட்டபோது ‘வீரர்’ என்றார்கள். தேவை முடிந்ததும் ‘தீவிரவாதி’ என்றார்கள். இரண்டு பெயரையும் வைத்தவர்கள் வெளியாரே. இதற்கிடையே, அப்பகுதி மக்கள் எல்லோரும் முதன்முறையாக வாக்களித்தது 1997 இலேதான். அதுவரை மாலிக்குகளுக்கே வாக்குரிமை.

2001 இன் பின் நிகழ்ந்தவற்றுள் இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் குறிப்பிடுகிறேன். 2008 மார்ச் 2 இல், தீவிரவாதிகளுக்கு எதிராக என்ன செய்யலாம் என்று ஆராயத் தாரா ஆதம் கேலிலே கூடிய ஜிர்காவுக்குள் ஒருவன் குண்டைச் சுமந்து வந்து வெடித்தான்; ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2011 மார்ச் 17 இல், வட வசீரிஸ்தானத்துத் தத்தா கேலிலே சுரங்கத் தகராறு ஒன்றைத் தீர்க்கக் கூடிய ஜிர்காவின் மீது அமெரிக்காவின் ஆளில்லா விமானம் ஏவுகணை வீசிற்று. அங்கும் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். ஒருபுறம் மதத்தின் பெயரால் குண்டு. மறுபுறம் பாதுகாப்பின் பெயரால் குண்டு. இரண்டும் விழுந்த இடம் ஒன்றே. சண்டையைச் சொல்லால் தீர்க்க ஒரு சமுதாயம் நூற்றாண்டுகளாகக் காத்துவந்த மேடை அது. மேடையை இடித்தவர்கள், அங்கே பேசத் தெரிந்தவன் ஒருவனும் இல்லையே என்று பின்னர் வருந்துவது எவ்வளவு பெரிய விந்தை!

பட்டாணியச் சமுதாயம் குறையற்றது என்று நான் வாதாடவில்லை. பழிக்குப் பழி என்னும் வழக்கம் தலைமுறைகளைத் தின்றிருக்கிறது. ஜிர்காவிலே பெண்ணுக்கு இடமில்லை. பகை தீர்ப்பதற்குப் பெண்ணைக் கொடுத்த கொடுமையும் உண்டு. 2012 அக்டோபரிலே சுவாத்துப் பள்ளத்தாக்கில் மலாலா என்னும் பள்ளிச் சிறுமியைச் சுட்ட கை வெளியிலிருந்து வந்த கை அன்று. ஆயின் பள்ளிக்குப் போயே தீர்வேன் என்று நின்ற அந்தச் சிறுமியும் பட்டாணிய வீட்டுப் பிள்ளையே. ஒரு சமுதாயத்தின் குறையைத் திருத்தும் ஆற்றலும் அந்தச் சமுதாயத்துக்குள்ளேதான் பிறக்கிறது. தனிச்சட்டமும் முற்றுகையும் அந்த ஆற்றலைக் கருவிலேயே கருக்கிவிடுகின்றன.

2021 ஆகஸ்டு முதல் காபூலிலே ஆட்சி செய்யும் தலிபான்களுள் பெரும்பாலோர் பட்டாணியரே. அப்படியிருந்தும் அமைதி எங்கே என்று சிலர் வினவலாம். பட்டாணியர் ஆள்வது வேறு. பட்டாணிய மக்கள் கேட்கப்படுவது வேறு. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவை அடைத்த ஆட்சி, எந்த ஊரையும் கேட்டு அதைச் செய்யவில்லை. கோட்டின் இப்பாலோ, 2018 மே மாதத்தில் அரசியலமைப்பைத் திருத்திப் பழங்குடிப் பகுதிகளைக் கைபர் பக்தூன்குவா மாகாணத்தோடு இணைத்தனர். பழைய விதி ஒழிந்தது. நல்ல காரியம். ஆனால் அதே ஆண்டிலே, காணாமற் போனோர் எங்கே, கண்ணிவெடிகளை அகற்றுவது எப்போது என்று ஆயுதமின்றிக் கேட்ட பஷ்தூன் இளைஞர் இயக்கம், 2024 அக்டோபரில் தடை செய்யப்பட்டது. 2017 முதல் அந்தக் கோட்டின் மீது முள்வேலி எழுப்பப்பட்டது. 2025 அக்டோபரில் அதே எல்லையிலே இரு நாட்டுப் படைகளும் மோதி, தோஹாவிலே போர்நிறுத்தம் பேசின. 130 ஆண்டுகள் கடந்தும் கோடு ஆறவில்லை. புண்ணின் மேல் வேலி போட்டால் புண் ஆறுமா?

இனி நம் மலைக்கு வருகிறேன். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பிலே எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1949 ஆம் ஆண்டின் சட்டங்களும் அந்த மக்களை நாடற்றோர் ஆக்கின, வாக்குரிமையும் போயிற்று. அண்டை நாட்டின் கை இவர்கள் வழியாக நீண்டுவிடுமோ என்னும் அச்சமும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆகவே, கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகள் பாதுகாப்புப் பிரச்சினை ஆயின. 1964 அக்டோபர் 30 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையொப்பமிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றனர். 1893 இலே காபூலில் நிலத்தின் மீது கோடு கிழித்தார்கள். 1964 இலே புதுடில்லியில் குடும்பங்களின் மீது கோடு கிழித்தார்கள். அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்கும் எனப் பிரிந்த வீடுகள் எத்தனை! அங்கும் கேட்கவில்லை, இங்கும் கேட்கவில்லை.

பின்னர் 1988 இலும் 2003 இலும் நிறைவேறிய சட்டங்கள், எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமையை வழங்கின. அதனால் நாட்டுக்கு வந்த கேடு யாது? ஒன்றுமில்லை. எந்த அண்டை நாட்டின் கையும் நம் லயங்கள் வழியாக நீளவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆபத்து என்று சொல்லப்பட்டது, ஒரு சட்டத்தால் ஆபத்தில்லாமல் ஆகிவிட்டது. அப்படியாயின் ஆபத்து மக்களிடத்தில் இருந்ததா, சட்டத்தில் இருந்ததா? இந்த வினாவுக்கு நம் மலையே விடை. இன்றும் பலர் சொந்தக் காணியின்றி லயத்துக் காம்பராவிலேயே வாழ்வதால், அந்த விடை இன்னும் முழுமை பெறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. ‘பிராந்தியப் பாதுகாப்பு’ என்னும் சொல்லைச் செய்தித்தாளிலே காணும்போதெல்லாம், யாருடைய பாதுகாப்பு என்று ஒரு முறை கேளுங்கள். அந்தச் சொல்லுக்குள் அடைக்கப்பட்ட மக்களின் பெயரென்ன, அவர்களுக்கு வாக்கு உண்டா, வழக்கறிஞர் உண்டா, பள்ளிக்கூடம் உண்டா என்று கேளுங்கள். காவலுக்கு வைத்த கல்லாக ஒரு மக்களை நடத்தினால், ஒருநாள் அந்தக் கல் நம் தலைமீதே உருளும். குடிமக்களாக நடத்தினால் அவர்களே காவலாவார்கள். கைபர் மலை இதனைப் பெருந்துயரத்தின் வழியாகக் கற்பித்தது. தேயிலை மலை இதனை நெடிய பொறுமையின் வழியாகக் கற்பித்தது. பாடம் ஒன்றே, அதனைப் படிக்க இன்னுமொரு தலைமுறை அழிய வேண்டியதில்லை.